நாங்களும் நாமும்: கனடாப் புல்வெளியிலிருந்து மூன்று நூல்கள்

என் குருமடத் தோழர் ஒருவர் கனடா நாட்டின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பங்குப்பணி ஆற்றி வருகிறார். கோதுமை வயல்களின் நடுவே, ஒன்றிலிருந்து ஒன்று பல மைல் தொலைவில் நிற்கும் மூன்று சிற்றாலயங்கள் அவருடைய பொறுப்பில் உள்ளன. விடுமுறைக்கு வந்தவர், வழக்கமான இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக மூன்று மெலிந்த நூல்களை என் மேசைமேல் வைத்தார். "நான் மறையுரை ஆற்றும் மண் எத்தகையது என்பது இவற்றைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நீங்களும் படியுங்கள், ஆனால் சினங்கொள்ளாமல் படியுங்கள்" என்றார். அவர் ஏன் அவ்வாறு சொன்னார் என்பது முதல் நூலின் பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்றும் இவ்வாண்டு வந்தவை அல்ல. சிறு பதிப்பகத்தின் நூல் கடல் கடந்து வர ஆண்டுகள் பல ஆகும். நம் தமிழ் வாசகர்க்கு அவை புதியனவே.

மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பெர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களையும் சேர்த்தே 'பிரெய்ரி' எனும் புல்வெளி நாடு என்கிறார்கள். இப்புல்வெளிக்கு இலக்கியச் செல்வம் புதிதன்று. வறட்சியும் புழுதிக் காற்றும் வாட்டிய ஒரு சிற்றூரில், நம்பிக்கை இழந்த போதகர் ஒருவரின் மனைவி எழுதும் நாட்குறிப்பாகச் சின்க்ளேர் ராஸ் தம் நாவலை 1941இல் வெளியிட்டார். மார்கரெட் லாரன்சு, கேப்ரியேல் ருவா போன்றோர் பின்னர் உலகப் புகழ் எய்தினர். ஆயினும் ராசின் நாவல் அச்சேறியது நியூயார்க்கில். புல்வெளி எழுதியது, அதை அச்சிடுவதா வேண்டாவா என்று தொலைவிலிருந்த பெருநகரங்கள் முடிவு செய்தன.

அம்முடிவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று போதும். மரியா கேம்ப்பெல் எனும் மெட்டீ இனப் பெண்மணி தம் தன்வரலாற்றை 'ஹாஃப்பிரீட்' என்ற பெயரில் எழுத, டொராண்டோவின் பெரிய பதிப்பகம் ஒன்று 1973இல் அதை வெளியிட்டது. சிறுமியாய் இருந்தபோது காவல் துறையினர் தமக்கு இழைத்த பாலியல் கொடுமையைப் பற்றி அவர் எழுதியிருந்த பகுதியை, வழக்குக்கு அஞ்சி, அவருடைய இசைவின்றியே நீக்கிவிட்டது. நீக்கப்பட்ட பக்கங்களை ஆய்வாளர் இருவர் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் 2018இல் கண்டெடுத்தனர். அடுத்த ஆண்டு வந்த புதிய பதிப்பில் அவை மீண்டும் இடம்பெற்றன. ஒரு பெண்ணின் வாக்குமூலம் நாற்பத்தைந்து ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது.

எழுபதுகளின் நடுவில் புல்வெளியாரே பதிப்பகங்கள் தொடங்கியதை இப்பின்னணியில் காண வேண்டும். 1975இல் மூஸ் ஜா எனும் சிறு நகரில் எழுத்தாளர் நால்வர் சேர்ந்து கோட்டோ புக்ஸ் தொடங்கினர். அதே ஆண்டில் சாஸ்கட்டூனில் திசில்டவுன், 1976இல் வின்னிபெக்கில் டர்ன்ஸ்டோன், 1977இல் எட்மண்டனில் நியூவெஸ்ட் எனப் பதிப்பகங்கள் தோன்றின. பெரும்பொருள் எவருக்கும் கிட்டவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த கோட்டோ, 2020இல் கடன் சுமையால் மூடப்பட்டது. மன்ஸ்டர் எனும் ஊரில் புனித பெனடிக்ட் சபைத் துறவியர் 1923 முதல் நடத்திவந்த 'பிரெய்ரி மெசஞ்சர்' எனும் கத்தோலிக்க வார இதழும் 2018இல் நின்றுபோயிற்று. மறைமாவட்ட மாத இதழ் ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இச்செய்தி வெறும் புள்ளிவிவரமாகத் தோன்றவில்லை.

முதல் நூல், லூயிஸ் பெர்னிஸ் ஹாஃப் எழுதிய 'பர்னிங் இன் திஸ் மிட்நைட் டிரீம்' எனும் கவிதைத் தொகுப்பு. 'இந்த நள்ளிரவுக் கனவில் எரிந்தபடி' என்று தமிழில் சொல்லலாம். கோட்டோ 2016இல் வெளியிட்டது. அப்பதிப்பகம் மறைந்தபின் ஒன்ராறியோவைச் சேர்ந்த பிரிக் புக்ஸ் 2021இல் மறுபதிப்புச் செய்தது. ஹாஃப், கிரீ எனும் முதற்குடி மக்களைச் சேர்ந்தவர். 'வான நடனம் புரிபவள்' என்பது அவருடைய குடிப்பெயரின் பொருள். 2021, 2022 ஆண்டுகளில் கனடா நாடாளுமன்றத்தின் அரசவைக் கவிஞராக விளங்கினார். ஏழு வயதில், ஆல்பெர்ட்டாவில் இருந்த புளூ குயில்ஸ் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அதை நடத்தியது நம் திருச்சபை.

இங்கே சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். முதற்குடி மக்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்களுடைய மொழியையும் வழிபாட்டையும் மறக்கச் செய்து, 'நாகரிகம்' கற்பிப்பதற்கென்றே கனடா அரசு உறைவிடப் பள்ளிகளை ஏற்படுத்தியது. 1920இல் வருகை சட்டப்படி கட்டாயமாயிற்று. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அவற்றில் அடைக்கப்பட்டனர். கடைசிப் பள்ளிகள் தொண்ணூறுகளில்தான் மூடப்பட்டன. அரசு பணம் தந்தது, சபைகள் நடத்தின. பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கரின் பொறுப்பில் இருந்தன. அங்கு இறந்த குழந்தைகளுள் 4,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வின்னிபெக்கில் உள்ள தேசிய மையத்தில் பதிவாகியுள்ளன. உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015இல் அளித்த அறிக்கையில் இதனைப் 'பண்பாட்டு இனஅழிப்பு' என்றே குறித்தது.

அவ்வாணையத்தின் விசாரணைகள் நடந்த ஆண்டுகளில் தம்முள் கிளர்ந்த நினைவுகளையும் கொடுங்கனவுகளையும் ஹாஃப் கவிதைகளாக்கினார். அன்று துன்புற்றவரோடு துன்பம் முடிந்துவிடவில்லை என்பதே தொகுப்பின் மையம். அன்பு காட்டக் கற்றுக்கொள்ளாத குழந்தை, அன்பு காட்டத் தெரியாத தாயாகிறாள், தந்தையாகிறான். அவர்களுடைய பிள்ளைகள் அடியும் குடியும் கண்டு வளர்கின்றனர். நோய் போல் இது தலைமுறைகளைத் தொற்றுகிறது. கவிஞர் தம் குடும்பத்தாரையும் தம்மையும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிக் கொள்ளவில்லை. குற்றஞ்சாட்டும் இலக்கியத்தில் அரிதாகக் கிட்டும் நேர்மை இது.

படித்தபோது என் மனம் என்ன செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நூலை இருமுறை மூடி வைத்தேன். 'நல்ல அருள்சகோதரிகளும் அங்கு இருந்திருப்பார்களே', 'காலத்தின் போக்கு அப்படி' என்று என்னுள் ஒரு வழக்குரைஞர் எழுந்து பேசத் தொடங்கினார். நானும் விடுதிப் பிள்ளைதான். பதினோராம் வயதில் இளங்குருமடத்தில் சேர்ந்து, இரவில் போர்வைக்குள் அழுதவன்தான். ஆகவே எனக்குப் புரியும் என்று நினைத்தேன். ஆனால் என் தாய் என்னைத் தம் விருப்பத்தோடு அனுப்பினார். மாதத்தின் முதல் ஞாயிறு முறுக்குப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். நான் அவரோடு தமிழில் பேசினேன். அதற்காக எவரும் என்னை அடிக்கவில்லை. இந்த மூன்று வேறுபாடுகளையும் எண்ணிப் பார்த்தபின் என்னுள் இருந்த வழக்குரைஞர் அமர்ந்துவிட்டார். தன் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவன் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது கதை கேட்கும் மனநிலையில்தான் இருந்தார். கதை தம்மைச் சுட்டிய பிறகே அது இறைவாக்காயிற்று. நல்ல இலக்கியத்தை நாம் அஞ்சுவதற்குக் காரணமும் இதுவே.

கவிதைகளில் ஆங்கிலத்தின் நடுவே கிரீ சொற்கள் வருகின்றன. அவை அலங்காரம் அல்ல. கிரீ மொழியில் 'பாட்டி' என்று பொதுவாகச் சொல்ல ஒரு சொல் தனித்து நிற்பதில்லை. 'நோஹ்கொம்' என்றால் என் பாட்டி. 'கோஹ்கொம்' என்றால் உன் பாட்டி. உறவுச் சொல் எப்போதும் யாரோ ஒருவருக்கு உரியதாகவே பிறக்கிறது. நமக்கு இது வியப்பன்று. எந்தை, நுந்தை, தந்தை என்றும், யாய், ஞாய், தாய் என்றும் சங்கச் சான்றோர் பிரித்து வழங்கினரன்றோ? அத்தகைய மொழியைப் பேசும் குழந்தையிடமிருந்து மொழியைப் பறிப்பது, பாட்டியையே பறிப்பதாகும். ஆணைய அறிக்கையின் பல நூறு பக்கங்கள் விளக்கும் செய்தியை ஹாஃபின் ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. சில கவிதைகள் சாட்சியம் சொல்லும் வேகத்திலேயே முடிந்துவிடுகின்றன. சொற்கள் கனிய நேரம் தரப்படவில்லை. 'புளூ மேரோ' எனும் அவருடைய முந்தைய நூலில் முன்னோர்களான பாட்டிகளின் குரல்கள் ஒன்றோடொன்று பின்னி எழுப்பிய விரிவு இதில் இல்லை. அவருடைய நகைச்சுவையும் இங்கு அடங்கிப் போயிற்று. 1994இல் கோட்டோ வெளியிட்ட அவருடைய முதல் தொகுப்பில் திருத்தந்தைக்கு எழுதும் மடல்களாகச் சில கவிதைகள் உள்ளன. பள்ளி ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலை மதியாமல், கிரீ மூதாட்டி பேசும் ஒலிப்பிலேயே எழுதப்பட்டவை. கழிப்பிடத்தில் கிடந்த செய்தித்தாளில் மன்னிப்புச் செய்தியைப் பார்த்து எழுதுவதாக அமைந்தது அவற்றுள் ஒன்று. சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் சுடுகிறது. மன்னிப்புச் சொல் நடந்து வருமா, செயலாகுமா என்பதே அம்மூதாட்டியின் ஐயம். திருத்தந்தை பிரான்சிசு ஆல்பெர்ட்டாவின் மாஸ்குவாசிஸ் மண்ணில் நின்று மன்னிப்புக் கோரியது 2022 சூலை 25ஆம் நாள். கவிதைக்கும் அந்நாளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்.

இரண்டாம் நூல், டிரெவர் ஹெரியட் எழுதிய 'டுவர்ட்ஸ் எ பிரெய்ரி அட்டோன்மெண்ட்'. 'புல்வெளிக்கான பரிகாரத்தை நோக்கி' எனலாம். ரெஜைனா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016இல் வெளியிட்டது. ஹெரியட் குடியேறிய வெள்ளையர் வழிவந்தவர். பறவைகளையும் புற்களையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த இயற்கையியலாளர். இந்நூலில் அவர் மானிட்டோபாவில் இருந்த சேன் மதலேன் எனும் மெட்டீ கத்தோலிக்கக் குடியிருப்பைத் தேடிச் செல்கிறார். மெட்டீ என்போர் முதற்குடி மக்களுக்கும் ஐரோப்பிய வணிகர்க்கும் பிறந்து தனி இனமாக வளர்ந்தவர்கள்.

வறட்சியால் பாழான நிலங்களை மீட்க 1935இல் அரசு ஒரு துறையை ஏற்படுத்தியது. அது பொது மேய்ச்சல் நிலங்களை உருவாக்கிற்று. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்குப் போன்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1938இல் அத்தகைய மேய்ச்சல் நிலம் ஒன்றிற்காகச் சேன் மதலேன் அழிக்கப்பட்டது. வரி செலுத்தியிருந்தவர்க்கே ஈடு என்றார்கள். பஞ்ச காலத்தில் பலராலும் வரி செலுத்த இயலவில்லை. வீடுகள் கொளுத்தப்பட்டன. நாய்கள் சுடப்பட்டன. ஆலயமும் பிரிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் எஞ்சியது. அதனருகே இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் கூடுகின்றனர். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு கேட்டது தன் கீரைத் தோட்டத்திற்காக. இங்கே கேட்டது மாடுகளின் மேய்ச்சலுக்காக. காரணம் நல்லதாக இருப்பதனாலேயே பறிப்பு நியாயமாகிவிடாது.

இதிலும் ஒரு முரண். அந்த மேய்ச்சல் நிலங்களே இன்று அழிந்துவரும் இயற்கைப் புல்வெளியின் கடைசிப் புகலிடங்களுள் அடங்கும். மற்றெல்லாம் கலப்பைக்கு இரையாகிவிட்டது. 2012இல் கூட்டாட்சி அரசு அவற்றின் மேலாண்மையிலிருந்து விலக முடிவு செய்தபோது, காக்கப் போராடியவர்களுள் ஹெரியட் ஒருவர். தாம் காக்க விரும்பும் நிலமே பறிக்கப்பட்ட நிலம் என்று அறிந்த மனிதரின் கலக்கம் இந்நூல். அதை அவர் ஒளிக்கவில்லை. புல்லைக் காப்பதும் புல்லோடு வாழ்ந்த மக்களுக்கு நீதி செய்வதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்ற முடிவுக்கு மெல்ல வந்து சேர்கிறார்.

'அட்டோன்மெண்ட்' எனும் இறையியல் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட நூலை இறையியல் கொண்டே அளப்பது முறை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவியின் செயல்கள் மூன்று என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் வரையறுத்தது: மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம். ஹெரியட்டிடம் மனத்துயர் உண்மையாக உள்ளது. அறிக்கையும் தெளிவாக உள்ளது. பரிகாரம்தான் தலைப்பில் உள்ள 'நோக்கி' என்ற சொல்லளவில் நின்றுவிடுகிறது. நிலத்தை யாரிடம், எவ்வாறு திருப்புவது? சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் கணக்குச் சொன்னார்: பாதி, நான்கு மடங்கு என்று. அத்தகைய கணக்கு இங்கு இல்லை. மற்றொரு குறை: நார்மன் ஃப்ளூரி எனும் மெட்டீ முதியவரின் முழுக்குரல் பின்னுரையாகவே வருகிறது. இழந்தவர் பேசிய பிறகு வருந்துபவர் பேசியிருந்தால் நூலின் எடை கூடியிருக்கும்.

மூன்றாவது, 2022இல் மறைந்த ஹெரால்டு ஜான்சன் எழுதிய 'டூ ஃபேமிலிஸ்', அதாவது 'இரு குடும்பங்கள்'. சாஸ்கட்டூனின் பியூரிச் பதிப்பகம் 2007இல் வெளியிட்டது. தாய் கிரீ இனத்தவர். தந்தை சுவீடனிலிருந்து குடியேறியவர். ஜான்சன் வழக்கறிஞர். ஆனால் நூலைச் சட்டத்தின் மொழியில் தொடங்கவில்லை. குடியேறியவர்களைக் 'கிச்சிவாமனவாக்' என்று விளித்துத் தொடங்குகிறார்: உறவினர்களே, உடன்பிறப்பு முறையானவர்களே என்பது பொருள். 1876இல் செய்யப்பட்ட ஆறாம் உடன்படிக்கையைத் தம் முன்னோர் நில விற்பனையாகக் கருதவில்லை என்பது அவர் வாதம். அரசியின் பிள்ளைகளைத் தம் குடும்பத்தில் சேர்த்துக்கொண்ட சடங்காகவே அவர்கள் அதைக் கண்டனர். எனவே உடன்படிக்கையால் உரிமை பெற்றவர்கள் கிரீ மக்கள் அல்லர். இம்மண்ணில் வாழும் உரிமையைப் பெற்றவர்கள் வந்தவர்களே.

சிறிய நூல்தான், படித்து முடித்தபின் பார்வை திரும்பிவிடுகிறது. சில இடங்களில் வாதம் ஒரே வட்டத்தில் சுழல்கிறது. இரு குடும்பங்கள் என்ற பகுப்பு எளிமையானது. சேன் மதலேன் மக்களைப் போல் இரு குடும்பங்களின் இரத்தமும் ஓடும் ஓர் இனம் இப்பகுப்பில் எங்கு அமரும் என்ற கேள்வி எழுகிறது. ஆயினும் என் தோழருக்குப் பிடித்த நூல் இதுவே. அவருடைய ஞாயிறு திருப்பலியில் பிலிப்பீன்சிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் முன்வரிசைகளில் அமர்கிறார்கள். "இந்தக் கொடுமைகளை நாங்கள் செய்யவில்லையே, சாமி" என்பது அவர்கள் சொல்வது. "நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் நானும் அந்த உடன்படிக்கையின் கீழ்தான் அங்கு வீடும் வேலையும் பெற்றிருக்கிறேன். உறவை ஏற்றவன் அதன் கடனையும் ஏற்க வேண்டாமா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

அவர் கேள்வியில் இருந்த 'நாங்கள்' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு: கேட்பவரை விலக்கிய நாங்கள், கேட்பவரையும் சேர்த்த நாம். கிரீ மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு என அறிந்தபோது, இம்மூன்று நூல்களையும் கோக்கும் நூல் எனக்குக் கிட்டிற்று. பாவ அறிக்கை 'நாங்கள்' என்ற சொல்லில்தான் செய்யப்பட வேண்டும். 'நாம் தவறிவிட்டோம்' என்று அடித்தவன் அடிபட்டவனிடம் சொன்னால், அது குற்றத்தைப் பங்கு போடுவதாகும். மாஸ்குவாசிசில் கோரப்பட்ட மன்னிப்பைப் பலர் கண்ணீரோடு ஏற்றனர். ஆனால் கிறித்தவர் பலர் செய்த தீமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, திருச்சபை எனும் நிறுவனத்தின் பொறுப்பு அதில் பேசப்படவில்லை என்று வேறு சிலர் வருந்தினர். அவர்கள் கேட்டது, தெளிவான ஒரு 'நாங்கள்' என்ற சொல்லைத்தான்.

அதற்கு மாறாக, ஒப்புரவு என்பது 'நாம்' என்ற சொல்லில் நிகழ்வது. அந்தச் சொல்லை முதலில் சொல்லும் உரிமை நமக்கு இல்லை, புண்பட்டவர்க்கே உண்டு. 'உறவினர்களே' என்று விளித்ததன் வாயிலாக ஜான்சன் அதைச் சொல்லிவிட்டார். ஹாஃப் அதைச் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது. ஹெரியட் இரண்டுக்கும் நடுவே, புல்லில் மண்டியிட்டுக் காத்திருக்கிறார்.

ஆயர்கள் 2021இல் மூன்று கோடி டாலர் திரட்ட உறுதியளித்தனர். புளூ குயில்ஸ் பள்ளியை 1970இல் பெற்றோரே போராடித் தம் பொறுப்பில் பெற்றனர். இன்று அது அவர்களே நடத்தும் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. பணமும் கட்டடமும் பரிகாரத்தின் பகுதிகள்தாம். அத்தோடு, சொல்ல விடாமல் அடக்கியவர்கள் அமர்ந்து கேட்பதும் ஒரு பரிகாரமே. வாசிப்பு அத்தகைய கேட்டலின் ஒரு வடிவம்.

நம் பங்குகளில் நூலகம் என்று ஓர் அலமாரி இருக்கும். பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். புனிதர் வரலாறுகளுக்கு அருகில் இம்மூன்று நூல்களுக்கும் இடம் தரலாம். நம்மைப் புகழும் நூல்களை நாம் தேடிச் சென்று வாங்குகிறோம். நம்மைப் பற்றி உண்மை சொல்லும் நூல்களோ, சிற்றூர்களில் நாலைந்து பேர் கடன்பட்டு அச்சிட்டு, யாரோ ஒருவர் பெட்டியில் இடம் ஒதுக்கிக் கொண்டுவந்தால்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. தோழர் திரும்பிப் போகும்போது நூல்களைக் கேட்டார். இரண்டைக் கொடுத்துவிட்டேன். ஹாஃபின் நூலை மட்டும் இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இம்முறை மூடி வைக்காமல்.